"பாட்தானே எழுதுச்சு" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

"நாங்க எழுதல, பாட்தான் எழுதுச்சு."

போடிநாயக்கனூர் வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கக் கிடைக்கிற பதில் இது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் இரண்டு மூன்று ஆண்டு உரையாடலை மொத்தமாக எடுத்து ஒரு சாட்பாட்டில் கொட்டுகிறார்கள். "இந்த குரூப்ல இருக்குறவங்க பேசுற மாதிரியே காமெடியா ஒரு சாட் எழுது" என்கிறார்கள். அரை நிமிடத்தில், யாருமே பேசாத ஓர் அரட்டை எல்லோருடைய பெயரையும் தாங்கிக்கொண்டு வந்து விழுகிறது. நன்றாகவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. "வந்துட்டே இருக்கேன் மச்சி" என்று போட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடப்பவன், இயந்திரம் எழுதிய அரட்டையிலும் வந்துகொண்டே இருக்கிறான். தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் "யாராச்சும் நோட்ஸ் அனுப்புங்கப்பா" என்று உயிர்பெறுகிறவளையும் அது சரியாகப் பிடித்துவிடுகிறது.

இதைத் தடை செய்யச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆனால் நக்கலுக்கு ஒரு திசை உண்டு. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறானா, கீழே இருப்பவள் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்பதைப் பொறுத்து ஒரே சொல் அவமானமாகவும் ஆகும், எதிர்ப்பாகவும் ஆகும். குழுக்களைப் போலப் பேசிக்காட்டும் இந்த பாட்களுக்குத் திசை தெரியாது. திசை தெரியாத சிரிப்பு நம் ஊரில் எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும். இதைத்தான் இளம் தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இது புதிதல்ல. 1913-ல் ஆந்திரே மார்க்கோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர், புஷ்கினின் 'யூஜின் ஒனேகின்' நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தை அடுத்து மெய் எத்தனை முறை வருகிறது, மெய்யை அடுத்து உயிர் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். 1948-ல் கிளாட் ஷானன் அந்த வழியிலேயே போய், ஆங்கிலம் போலத் தோன்றுகிற, ஆனால் யாரும் சொல்லாத சொற்றொடர்களை உருவாக்கிக் காட்டினார். ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்ற கணக்கு போதும். சொல்லின் பொருள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

2015-ல் ரெடிட் தளத்தில் 'சப்ரெடிட் சிமுலேட்டர்' என்று ஒன்று வந்தது. அங்கே மனிதர்கள் எழுத முடியாது, பாட்கள் மட்டுமே எழுதும். ஒவ்வொரு பாட்டும் ரெடிட்டில் உள்ள ஒரு குழுவின் பழைய பதிவுகளைத் தின்று, மார்க்கோவ் முறையில் அந்தக் குழுவைப் போலவே உளறும். அந்த உளறலைப் படித்துச் சிரிக்க ஒரு பெரிய கூட்டம் இருந்தது. 2019-ல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-2 மாதிரியை வைத்து இதன் அடுத்த வடிவம் வந்தபோது சிரிப்பின் தன்மை மாறிவிட்டது. முன்பு உளறல் வேடிக்கையாக இருந்தது. இப்போது "அட, அச்சு அசல் அவங்க மாதிரியே பேசுதே" என்பது வேடிக்கையானது. இன்றைக்கு நம் பிள்ளைகள் கையில் இருப்பது இந்த இரண்டாவது வகையின் பேரப்பிள்ளை.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. காய் சல்லடையில் விழுகிறது. எட்டு மில்லிமீட்டர் ஒரு பக்கம், ஏழு ஒரு பக்கம், பொடிக்காய் ஒரு பக்கம். சல்லடைக்குக் காயின் பருமன் தெரியும். அதை எந்தச் சரிவில் யார் பறித்தார், அவர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்பது தெரியாது. சல்லடைமீது குற்றமில்லை. சல்லடை சொன்னதையே காயின் முழு வரலாறு என்று யாராவது சொன்னால்தான் சிக்கல்.

தமிழில் மார்க்கோவ் வித்தையைச் செய்து பார்க்க மிகவும் தோதான இடம் எது என்று எங்கள் மாலை நேரப் பயிலகத்தில் கேட்டோம். ஒரே குரலில் பதில் வந்தது: சாதிப் பெருமைப் பக்கங்கள். "ஆண்ட" என்று தொடங்கினால் அடுத்த சொல் "பரம்பரை"தான், வேறு வழியே இல்லை. "வீர" என்றால் "வம்சம்". பிறகு ஒரு சிங்கம், ஓர் அரிவாள், மீசை, மானம், குலப்பெண்களின் கற்பு. பத்துப் பதிவுகளைக் கொடுத்தால் பதினோராவதை இயந்திரம் எழுதிவிடும், படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இதில் கணினியின் திறமை என்று ஒன்றுமில்லை. அந்த மொழி ஏற்கெனவே அச்சில் வார்த்த மொழி. எழுதுகிறவர் யோசித்து எழுதுவதில்லை, ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வருகிறது. (நீலக் கொடி பறக்கும் நம் பக்கங்கள் சிலவற்றையும் பாட் அப்படியே எழுதிவிடும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. முழக்கம் மட்டுமே மொழியாகிவிட்ட இடமெல்லாம் அப்படித்தான்.)

ஆனால் அச்சில் வார்த்த மொழி சிரித்துவிட்டுப் போகிற விஷயம் மட்டும் இல்லை. 2012-ல் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அதே ஆண்டு நவம்பர் 7-ம் தேதி தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அந்த மூன்று சொற்கள், ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ், அதற்குப் பிறகு நகைச்சுவையாக மாறி எத்தனை ஆண்டுகள் சுற்றின என்று யோசித்துப் பாருங்கள். 'நாடகக் காதல்' என்ற சொல் வந்தால் பின்னாலேயே கண்ணாடி போட்ட ஒரு கறுத்த பையனின் கேலிப்படம் வரும். எந்தக் கணினியும் இல்லாமலேயே ஒரு சமூகம் மார்க்கோவ் சங்கிலியாக இயங்கிக்கொண்டிருந்தது. இன்றைய பாட்கள் படித்து வளர்ந்ததும் இத்தகைய எழுத்தைத்தான்.

வெளிநாட்டில் இந்த விளையாட்டு எங்கே போய் முடிந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2016 மார்ச் 23 அன்று மைக்ரோசாஃப்ட் 'டே' என்ற பாட்டை ட்விட்டரில் விட்டது. கேலியும் கிண்டலுமாகப் பேசும் ஓர் இளம்பெண்ணைப் போல அதை வடிவமைத்திருந்தார்கள். ஒரு நாளுக்குள் அது இனவெறி கக்கத் தொடங்க, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2022-ல் யானிக் கில்ச்சர் என்ற யூடியூபர் வேண்டுமென்றே இன்னொன்றைச் செய்தார். இனவெறிக்குப் பேர்போன 4சான் தளத்தின் அரசியல் பகுதியில் மூன்றரை ஆண்டுகளாகக் குவிந்த பதிவுகளைக் கொண்டு ஒரு மாதிரியைப் பயிற்றுவித்து, அதை அந்தப் பகுதியிலேயே அவிழ்த்துவிட்டார். ஒரே நாளில் சுமார் 15,000 பதிவுகள். அங்கே இருந்தவர்கள் பாட் எது, மனிதன் எவன் என்று தெரியாமல் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பதிவுகளின் ஓரத்தில் தெரிந்த சீஷெல்ஸ் நாட்டுக் கொடியை வைத்துத்தான் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். கில்ச்சருக்கு அது ஒரு குறும்பு. அந்தக் குறும்பில் திட்டப்பட்டவர்களுக்கு, ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த வசவோடு இன்னும் 15,000.

இந்தியாவுக்கு வருவோம். 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. சாட்ஜிபிடியின் ஜிபிடி-5 மாதிரியிடம் 105 வாக்கியங்களைக் கொடுத்து, கோடிட்ட இடத்தில் தலித், பிராமணர் என்ற இரண்டில் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அறிவாளி யார், சாக்கடை அள்ளுகிறவர் யார் என்பது போன்ற வாக்கியங்கள். 80 இடங்களில் அது பொதுப்புத்தி சொல்கிற விடையையே சொன்னது. அந்தச் சல்லடையை யார் செய்தார்கள், எந்தக் கண்ணளவில் செய்தார்கள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

தமிழில் இந்த வேலையைக் கவனமாகச் செய்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 2020-ல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொகுப்பு ஒன்றில் 15,744 யூடியூப் கருத்துகள் உள்ளன. சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே நம் ஆட்கள் எழுதியவை அவை. 2024-ல் தமிழில் சாதி வெறுப்பையும் புலம்பெயர்ந்தோர் மீதான வெறுப்பையும் கணினியால் கண்டறியும் ஒரு பொதுப் போட்டியே ஆய்வாளர்களிடையே நடந்தது. நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் வெறுப்புச் சொல்லைக் கண்டுபிடிக்கும் எந்தக் கருவியும், இனி நாங்கள் சொல்லப்போகும் சம்பவத்தில் ஒரு சொல்லைக்கூடப் பிடித்திருக்காது.

கல்லூரியும் ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு மாணவி. அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்காக: போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, கவாத்து செய்து, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பும். ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகமாகவே ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனபோதும் ஜீப்பின் நெரிசல் குறையவில்லை.

அந்த மாணவி வகுப்புக் குழுவில் இரண்டு ஆண்டுகளில் எழுதியது என்ன? "அம்மா ஜீப்புக்குப் போயிட்டாங்க, தம்பியக் கிளப்பிவிட்டுட்டு வர்றேன்." "ஜீப் இன்னும் வரல, பயமா இருக்கு." "பீஸ் அடுத்த வாரம் கட்டிருவேன்னு மேடம்ட்ட சொல்லுங்க." "ஸ்காலர்ஷிப் யாருக்காச்சும் ஏறிருச்சா?" இவற்றை அவர் அன்றைய தேவைக்காக, தோழிகளை நம்பி எழுதினார். பாட் இவற்றை எண்ணியது. அவருடைய பெயருக்கு அடுத்து அதிகம் வரும் சொல் ஜீப், அதற்கு அடுத்தது ஸ்காலர்ஷிப். எனவே வேடிக்கை அரட்டையில் அவர் வாயில் இப்படி ஒரு வசனம் வந்தது: "ஜீப் வந்துருச்சு மக்களே, ஸ்காலர்ஷிப் ஏறுனா மலைக்கு போன் பண்ணுங்க." வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். மறுநாள் வகுப்பில் அவருக்கு 'ஜீப்' என்று பெயர். அதற்கடுத்த நாள் ஒருவன் ஹாரன் சத்தம் எழுப்பினான். அவர் குழுவிலிருந்து வெளியேறினார். கிட்டத்தட்ட இரண்டு வாரம் கல்லூரிக்கே போகவில்லை.

இதில் சாதிப் பெயர் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வசவு? அதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஜீப் என்றால் யார் என்று தெரியும். எந்தத் தெருவின் முனையில் அது வந்து நிற்கும் என்று தெரியும். சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதியைச் சொல்வதற்கு நம் சமூகம் ஆயிரம் சொற்களை வைத்திருக்கிறது: 'கோட்டா', 'காலனி', 'அந்தப் பக்கம்', 'ஸ்காலர்ஷிப்'. பாட் அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறது.

விஷயம் பெரிதானபோது அந்த அரட்டையை உருவாக்கியவர் சொன்ன சமாதானம் முக்கியமானது. "எல்லாரையும்தானே கலாய்ச்சுச்சு? என்னையும்தான் கலாய்ச்சுச்சு." உண்மைதான். அவரை, எப்போதும் பிரியாணி பற்றிப் பேசுகிறவர் என்று கலாய்த்தது. இன்னொருவரைப் புது பைக்கை வைத்து. இந்த மாணவியை அவருடைய அம்மாவின் கூலி வேலையை வைத்து. விதி ஒன்றுதான்: அதிகம் சொன்னதைத் திருப்பிச் சொல். ஆனால் ஒருவன் அதிகம் சொன்னது அவனுடைய ஆசை. ஒருத்தி அதிகம் சொன்னது அவளுடைய நெருக்கடி. படிநிலையாக அடுக்கப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதன்மேல் ஒரே அளவுகோலை வைத்தால் கிடைப்பது இதுதான்.

அதே அரட்டையில் யாரும் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு மாணவனுக்கு பாட் கொடுத்த வசனம் மொத்தமே "ஓகே ப்ரோ". இரண்டு ஆண்டுகளில் அவன் குழுவில் எழுதியதும் பெரும்பாலும் அதுதான். "செம, அப்படியே அவன்தான்" என்றார்கள். அவன் ஏன் இரண்டு ஆண்டுகளாக அந்த இரண்டு சொற்களைத் தாண்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

தென்கொரியாவில் இதற்கு ஒப்பான ஒன்று நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே 'லீ லூடா' என்ற பாட் வந்தது. இருபது வயதுக் கல்லூரிப் பெண் போலப் பேசும். காதலர்கள் தங்கள் உறவைப் பற்றி ஆலோசனை கேட்பதற்காக வேறொரு செயலியில் ஏற்றிய சொந்த அரட்டைகளைக் கொண்டு, அவர்களுக்கே தெரியாமல், அதைப் பயிற்றுவித்திருந்தார்கள். சிறுபான்மையினரை அது இழிவாகப் பேசியது. உண்மையான மனிதர்களின் விவரங்களும் வெளியே கொட்டின. சில வாரங்களில் மூடினார்கள். 2021 ஏப்ரலில் அந்த நிறுவனத்துக்கு 10.33 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தனிநபர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. ஒரு மாணவன் வகுப்புக் குழுவை எடுத்து விளையாடியதை இந்தச் சட்டத்தால் தொடுவது கடினம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-ஐ எடுத்துக்கொள்வோம். பிரிவு 3(1)(ஆர்) பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது, 3(1)(எஸ்) சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை. இணையம் பொதுப் பார்வைக்குள் வருமா என்ற கேள்விக்கு, ஒரு யூடியூப் காணொளி தொடர்பான வழக்கில் 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் வரும் என்று தெளிவாகவே சொன்னது. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் முகநூல் பதிவு இந்தச் சட்டத்துக்குள் வரக்கூடும் என்றது. ஆனால் அந்த வழக்கில் பதிவு குறிப்பிட்ட ஒருவரை நோக்கியது அல்ல, பொதுவாகச் சமூகத்தைப் பற்றியது என்று முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 3(1)(யு) என்ற பிரிவு இருக்கிறது. அது பட்டியல் சமூகத்தினருக்கு எதிராக வெறுப்பையும் பகைமையையும் தூண்டும் எழுத்தைப் பிடிக்கும். ஆனால் "ஜீப்" என்ற சொல்லை எந்த உட்பிரிவில் வைப்பது?

இந்தச் சட்டம் "பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராத எவரொருவர்" என்றுதான் தொடங்குகிறது. பாட் எவரொருவரும் இல்லை. அதற்குச் சாதிச் சான்றிதழ் கிடையாது. ஆகவே கேள்வி எப்போதும் மனிதர்களிடமே வர வேண்டும். உரையாடலை ஏற்றியது யார், வந்ததைப் படித்துப் பார்த்துக் குழுவில் போட்டது யார், அதை எடுத்துக்கொண்டு ஹாரன் அடித்தது யார்? "பாட்தான் எழுதுச்சு" என்ற வாக்கியம் இந்த மூன்று பேரையும் ஒரே மூச்சில் காணாமல் செய்துவிடுகிறது.

"நகைச்சுவையைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள்" என்ற பட்டம் நமக்குப் புதிதல்ல. 2012 மே மாதம், என்சிஇஆர்டி பாடநூலில் இருந்த சங்கரின் பழைய அம்பேத்கர் கேலிச்சித்திரத்தைப் பற்றித் திருமாவளவன் மக்களவையில் எழுப்பியபோது, நாடே நமக்கு நகைச்சுவை உணர்வைப் பற்றிப் பாடம் எடுத்தது. பாடநூல் ஆலோசகரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டதை நாம் ஏற்கவில்லை. ஆனால் கேள்வி அங்கேயே நின்றது: யார் வரைந்தார், யாரைப் பார்த்து, எந்த வகுப்பறையில் யாருக்கு நடுவில் உட்கார்ந்து அதை ஒரு தலித் பிள்ளை பார்க்க வேண்டும்? பின்னர் உன்னமதி ஷியாம் சுந்தர் 1932 முதல் 1948 வரை பத்திரிகைகள் அம்பேத்கரை எப்படியெல்லாம் வரைந்தன என்று நூறுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் திரட்டி 2019-ல் நூலாக்கினார். ஒன்றைப் பார்த்தால் நகைச்சுவை போலத் தெரியும். நூறையும் சேர்த்துப் பார்த்தால் அதில் ஒரு மாறாத வார்ப்பு தெரியும்.

நகைச்சுவை நம்மிடம் இல்லையா என்ன? பாமா தன் சிறுகதைத் தொகுப்புக்கே 'கிசும்புக்காரன்' என்று பெயர் வைத்தார். மலைக்குப் போகும் ஜீப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளமும் தமிழும் கலந்து "வேகம், வேகம்" என்று விரட்டுவதை அப்படியே பேசிக்காட்ட ஒரு அக்கா இருப்பார். கணக்குப்பிள்ளை எடை போடும்போது தராசைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பதை நடித்துக்காட்ட ஒரு சின்னம்மா இருப்பார். அதுவும் பாவனைதான், கேட்டதைத் திரும்பச் சொல்வதுதான். ஆனால் சூப்பர்வைசர் காதில் விழும் தூரம் வந்ததும் ஜீப் சட்டென்று அமைதியாகிவிடும். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும், யார் சிரித்தால் யாருக்குக் கூலி போகும் என்ற கணக்கு அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்ட தேயிலைத் தொழிலாளர்கள், உழைப்பது நாங்கள், கொள்ளையடிப்பது நீங்கள் என்ற பொருளில் தொழிற்சங்கத் தலைவர்களையே பார்த்து முழக்கமிட்டபோது, ஜீப்பிலும் லயத்திலும் அடக்கி வைத்த நக்கல் சாலைக்கு வந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இனி, எங்கள் பயிலகத்தில் நடந்த ஒரு விவாதம். கணினி அறிவியல் படிக்கும் ஒரு தம்பி, சாதிப் பெருமைப் பக்கங்களைப் போலப் பேசும் ஒரு பாட்டைச் செய்து பொதுவெளியில் விடலாம் என்றார். "அவங்க மொழியாலயே அவங்கள அம்பலப்படுத்துவோம் தோழர்." யோசனை கவர்ச்சியாக இருந்தது, பயிலகத்தின் திரையில் போட்டுக் காட்டிச் சிரித்தோம் கூட. "ஆண்ட பரம்பரை" எப்படி ஒரு சங்கிலிக் கண்ணி மட்டும் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

வெளியே விடுவது வேறு. 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் என்ன நடந்தது? ஒரு சமூகத்தின் பெண்களை இழிவாகப் பேசிய ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. பேசியவர்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே ஊர் கலவரமாகிவிட்டது. எங்கள் போடிக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1989 செப்டம்பரில் இங்கும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்துக்கு ஒரு மேடைப் பேச்சு காரணமாகச் சொல்லப்பட்டது. கைப்பேசி இல்லாத காலம், பேச்சு வாய்வழியாக ஊர் ஊராகப் போனது. இன்று ஒரு பாட், ஓர் ஆதிக்கச் சாதியின் குரலில் நையாண்டியாக எழுதும் ஒரு வரியை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "நையாண்டி" என்ற தலைப்பை வெட்டிவிட்டுப் பரப்பினால், அதை உண்மை என்று நம்பி அரிவாளோடு வருகிறவன் எங்கே வருவான்? பாட்டைத் தேடி வர மாட்டான், நம் தெருவுக்குத்தான் வருவான். 4சானில் நடந்ததற்காக சீஷெல்ஸ் தீவில் யாருடைய வீடும் எரியவில்லை. இங்கே அந்த வசதி நமக்கு இல்லை. காவல்துறை முதலில் தூக்குவதும் அந்தத் தம்பியைத்தான்.

அதனால் வேண்டாம் என்றோம். தம்பிக்கு வருத்தம்தான், "அப்ப அவங்க மட்டும் சிரிக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு வாரம் கழித்து அவரே வேறொன்றோடு வந்தார்.

எங்கள் பயிலகத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சுடுகாட்டுப் பாதை, பட்டா, கல்வி உதவித்தொகை, பேருந்து நிறுத்தம் என்று பல ஆண்டுகளாகப் பல அலுவலகங்களுக்குப் போட்ட மனுக்களுக்கு வந்த பதில்கள் அதில் கிடக்கின்றன. அவற்றைப் பெயர், ஊர், எண் எல்லாவற்றையும் நீக்கி, மனு போட்டவர்களிடம் கேட்டுவிட்டு, தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறார். பெரிய மாதிரியெல்லாம் தேவையில்லை, மார்க்கோவ் காலத்து முறையே போதும் என்கிறார். எல்லாக் கடிதமும் ஏற்கெனவே ஒரே கடிதம்தானாம். முதல் முயற்சியில் அது எழுதியது: "தங்கள் மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கும் பொருட்டு சம்பந்தப்பட்ட அலுவலரின் பரிசீலனையில் உள்ள தங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டதன் பேரில் தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது."

சுடுகாட்டுப் பாதைக்காக ஏழு முறை மனு கொடுத்த அம்மா ஒருவருக்கு இதைப் படித்துக் காட்டினோம். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "இது எங்களுக்கு மூணாவது தடவ வந்த லெட்டராச்சே" என்றார்.

பெட்டியில் இருப்பது போதவில்லை என்கிறார் தம்பி. உங்கள் ஊர்ப் பெட்டிகளில் கிடக்கும் பதில் கடிதங்களை, பெயர்களை அடித்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.